ரெண்டு தலைக்கும் ஒரே கோட்டு

வெள்ளத்துரை லீவில் ஊருக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் வெளியுறவுப் பணி அதிகாரி. ஆப்பிரிக்காவில் ஒரு தலைநகரத்தில், நம் தூதரகத்தில் இருக்கிறான். போர்ச்சுகீசு மொழி வேறு சரளமாகப் பேசுகிறானாம். சங்கரன்கோவில் நூலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதிய குறிப்புகளை வாங்கி ஜெராக்ஸ் எடுத்த பயல். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் டெல்லிக்கு இன்டர்வியூவுக்குப் போனோம். அவன் அங்கிருந்து உலகத்தைச் சுற்றப் போனான். நான் அங்கிருந்து சங்கரன்கோவிலுக்கே ரயிலேறினேன்.

பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது? அவன் எந்த மந்திரிக்குப் பக்கத்தில் நின்றாலும் அந்தப் போட்டோ எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். எல்லாரும் கை கூப்புவார்கள். நானும் கூப்புவேன். கூப்பிவிட்டு, போட்டோவைப் பெரிதாக்கி, முடி எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று பார்ப்பேன்.

இந்த லட்சணத்தில், என் பிழைப்பு ஓடுவதே அவன் முகத்தை வைத்துத்தான். பூக்கடைக்கு மேல் மாடியில் நான் நடத்துகிற போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்துக்குப் பெரிய விளம்பரமே அவன்தான். பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸில், ‘எங்களிடம் பயின்று வெளிநாட்டுத் தூதரானவர்’ என்று போட்டிருக்கும். அவன் இன்னும் தூதர் ஆகவில்லை. என்னிடம் பயிலவும் இல்லை. அவன் வேலைக்குப் போன பிறகுதான் நான் மையத்தையே ஆரம்பித்தேன்.

ஃப்ளெக்ஸில் தலை அளவில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் தலையும் என் தலையும் ஒரே அளவு. அவன் கோட்டு போட்டிருந்ததால், டிசைன் செய்கிற பேச்சிராஜாவிடம் எனக்கும் ஒரு கோட்டு மாட்டிவிடச் சொன்னேன்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், என் மாணவி அபிதா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

“சார், வெள்ளத்துரை சாரைக் கோயில்ல பாத்தேன். நம்ம சென்டருக்கு வாங்கன்னு கூப்ட்டேன். நாளைக்குக் காலைல வாரேன்னுட்டாரு!”

எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த வாரம் புது பேட்ச் சேர்க்கை. ‘நான் இங்க படிக்கவே இல்லையே’ என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராயகிரியிலிருந்தும் இளையரசனேந்தலிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள் அப்படியே திரும்பிப் போய்விடும். மையத்தை மூடவேண்டியதுதான்.

காலையில் வந்தான். சாதாரண சட்டை, கையில் கோயில் கயிறு. முடி கொட்டவே இல்லை, பாவி.

“ஏலே மாரி! எப்டிலே இருக்க?” என்று கட்டிக்கொண்டான்.

ஒரு மணி நேரம் பேசினான். கோட்டு சூட்டுக் கதை ஒன்றும் இல்லை. “நம்ம நாடு பணக்கார நாடு இல்ல. பெரிய நாட்டுக்காரன் பத்து பேரை வச்சு பாக்குற வேலைய நாங்க ரெண்டு பேரு பாக்கணும். கூட்டத்துல நம்மளக் கடைசி நாற்காலில போடுவாங்க. அங்கன இருந்துக்கிட்டே நம்ம காரியத்தை முடிச்சுட்டு வரணும்” என்றான். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துவிட்டுத் துறைமுகத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு கப்பல் தொழிலாளியைப் பற்றிச் சொன்னான். இவன் தமிழில் பேசியதும் அந்த ஆள் அழுகையை நிறுத்திவிட்டு, “நீங்க திருநெல்வேலிப் பக்கமா?” என்று கேட்டானாம். பிள்ளைகள் சிரித்தார்கள். சில பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் வருஷக்கணக்காகத் தொண்டை வறளக் கத்துகிறேன், ஒரு பிள்ளை என் பேச்சுக்குக் கண் கலங்கியதில்லை.

முடியும்போது அபிதா எழுந்தாள். “சார், நீங்க எங்க மாரிக்கண்ணன் சார்கிட்ட எத்தனை வருசம் படிச்சீங்க?”

வெள்ளத்துரை என்னைப் பார்த்தான். சுவரில் ஒட்டியிருந்த சின்ன ஃப்ளெக்ஸைப் பார்த்தான்.

“நூலகத்துல மூணு வருசம்” என்றான். “பொருளாதாரம் எனக்கு மண்டைல ஏறாது. இவந்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தான். இவன் நோட்டு இல்லேன்னா நான் முதல் பரீட்சையே தாண்டியிருக்க மாட்டேன்.”

மாடி அதிரக் கைதட்டினார்கள். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மையம் பிழைத்தது. எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும், வயிறுதான் எரிந்தது. இவ்வளவு சுலபமாக ஒருவனால் எப்படிக் கொடுக்க முடிகிறது? அவன் இடத்தில் நான் நின்றிருந்தால், நோட்டைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டேன்.

கீழே இறங்கக் கிளம்பியவன் அந்தச் சின்ன ஃப்ளெக்ஸ் அருகில் நின்றான். “ஏலே, அது என் கல்யாணக் கோட்டுலா! ஒனக்கும் அதையே மாட்டிட்டாங்களா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஆனா ஒனக்கு நல்லாத்தாம்லே இருக்கு.”

அந்தச் சிரிப்பில் ஒரு குத்தல்கூட இல்லை. நான் விடவில்லை. அவனிடமிருந்து ஒன்றே ஒன்றை எப்படியாவது கறந்துவிட நினைத்தேன்.

“என்ன இருந்தாலும் சொந்த ஊர்ல இருக்க நிம்மதி வருமாலே? சொந்த வீடு, சொந்தபந்தம். நீ நாடு நாடா அலையுத” என்றேன்.

கொஞ்சம் ஏங்குவான், ஒரு பெருமூச்சாவது விடுவான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆமாலே, நீ நிம்மதியா இருக்க. பாக்கவே சந்தோசமா இருக்கு” என்றான். மனசாரச் சொன்னான். தோளில் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் இந்த ஓட்டப் பந்தயத்தில் நான் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் ஒருநாள்கூட என்னோடு ஓடவில்லை.

அந்த வாரம் சேர்க்கை நிரம்பி வழிந்தது. புது ஃப்ளெக்ஸ் அடிக்க பேச்சிராஜாவுக்குப் போன் போட்டேன்.

“பழைய டிசைனே இருக்கட்டுமா அண்ணாச்சி?”

“அவன் தலையைப் பெருசாப் போடு. ‘தூதர்’ங்கிறதை எடுத்துட்டு ‘தூதரக அதிகாரி’ன்னு போடு. ‘எங்களிடம் பயின்று’ங்கிறதையும் எடுத்துரு” என்றேன். கொஞ்சம் யோசித்து, “என் கோட்டைக் கழட்டிரு” என்றேன்.

அந்தப் பக்கம் மவுசைச் சொடுக்கும் சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி, நீங்க அன்னைக்குத் தலை மட்டும்தான குடுத்தீங்க? கோட்டை எடுத்தா கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே” என்றான்.