தோளில் இருந்த கை

அம்மாவுக்கு இனி நாள்கணக்குதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. எட்டு வயதில் காய்ச்சலில் போன என் அக்காவின் முகத்தை ஒருதடவை பார்க்க வேண்டும். வீட்டிலிருந்த ஒரே படத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அக்கா போனபோது எனக்கு மூன்று வயது. தம்பி அப்போது பிறந்திருக்கவே இல்லை.

அக்கா படித்த பழைய பள்ளிக்கூடத்தை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு வகுப்புப் படம் இருக்கிறது என்று தெரிந்ததும் தம்பி காரை எடுத்தான். மழைக்காலம் வந்தால் மூன்று மாதம் பூட்டிவிடுவார்களாம். நாங்கள் போனதுதான் கடைசி நாள்.

மலைச்சரிவில் ஒற்றை அறை, கீழே ஏரி. வந்தவர்களெல்லாம் ஏரியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே பெஞ்சுகள் என் முழங்கால் உயரம்கூட இல்லை. இதிலா அவள் உட்கார்ந்தாள் என்று ஒன்றைக் கையால் தடவிப் பார்த்தேன்.

படத்தில் முப்பது பிள்ளைகள், பெயர் எதுவும் இல்லை. அக்கா வயதில் ஓரத்தில் இரண்டே பெண்கள். ஒருத்தி படிய வாரிய தலையும் சிரிப்புமாக இருந்தாள். அவளை ஒட்டி நின்ற இன்னொருத்திக்குக் கண் பாதி மூடியிருந்தது.

"இதுல உங்க அக்கா யாரு?" என்றாள் பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"சிரிக்கிறாளே, அவதான்."

"எப்படிக்கா அடிச்சு சொல்ற?" என்றான் தம்பி. "கடைக்கு வர்றவங்க முகத்தையே நீ பாக்கமாட்ட. இடுப்பளவைத்தான் பாப்ப."

"முப்பது வருஷமா கண்ணாலயே அளந்து துணி வெட்டுறவ நான். அம்மா அவளை அழகி அழகின்னு வாய் ஓயாம சொல்லுவா. இந்தத் தூங்குமூஞ்சியாடா நம்ம அக்கா?"

அந்தப் பெண் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அம்மா காலியாக வைத்திருந்த சின்ன வட்டப் படச்சட்டத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். காரிலேயே கத்தரிக்கோலை எடுத்தேன்.

"ரெண்டு பேரையும் வையேன்க்கா."

"ஊரான் வீட்டுப் பொண்ணு படம் அம்மாவுக்கு எதுக்கு?" என்று மிச்சத்தை ஜன்னல் வழியாக எறிந்தேன். காற்று அதை ஏரிப்பக்கம் கொண்டுபோனது.

வீட்டில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது பக்கத்து வீட்டுப் பொண்ணுடி" என்றாள். "இவ தோள்ல ஒரு கை இருக்கு பாரு. அதான் நம்மவ. ரெண்டும் ஒட்டிக்கிட்டேதான் திரியும்."

நான்கு விரல்கள் இருந்தன. மணிக்கட்டோடு நான் வெட்டியிருந்தேன். தம்பி வெளியே போய் பள்ளிக்கூடத்துக்கு மூன்று தடவை போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை.

அம்மா திட்டவில்லை. அந்த விரல்களின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டாள்.

"நீ முழுசா பாத்தேல்ல? அவ எப்படி இருந்தா, சொல்லு."

எவ்வளவு யோசித்தும் அந்தச் சிரிப்புக்காரிதான் வந்து நின்றாள்.

"அழகா இருந்தாம்மா."

"வெயில்னா அவளுக்குக் கண்ணே தொறக்காது. படத்துலயும் மூடிட்டாளா?"

"பாதிதான் மூடியிருந்தாம்மா" என்றேன். என் அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.