முட்டியவர்களுக்கு ஓய்வு

நாளை கடை இல்லையென்றால் 'நாளை கடை இல்லை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிடுவார்கள். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். எங்கள் புது முதலாளிகளிடம் விட்டிருந்தால் 'நாளை உங்கள் பசிக்கு ஒரு புதிய பயணம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருப்பார்கள். வந்தவன் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

நான் வேலை பார்ப்பது 'மூலைக்கடை' என்ற இணையத்தளத்தில். காப்பிக்கடை மூலையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது மாதிரி, இந்தோனேசியாவில் எங்கள் ஊரான சுரபாயாவின் ஆட்கள் கூடிப் பேசட்டும் என்று சாக் மர்ஜுகி தொடங்கியது. அண்ணனை எங்கள் ஊரில் சாக் என்போம். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிறவர்கள், புறாப் பந்தயக்காரர்கள், கால்பந்துக்காக அடித்துக்கொள்கிறவர்கள் என்று எல்லோருக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. எங்கள் ஊர்ப் பேச்சு கரடுமுரடு. பாசத்தில் திட்டுவோம், கோபத்திலும் திட்டுவோம், வெளியூர்க்காரனுக்கு வித்தியாசம் தெரியாது. யார் அளவு மீறுகிறார் என்று பார்ப்பதும், தளத்தில் ஏதாவது மாறினால் எல்லோருக்கும் அறிவிப்பதும் என் வேலை.

இத்தனை பகுதிகளில் நான் தினமும் முதலில் திறப்பது இரத்தப் பகுதியைத்தான். நெகட்டிவ் இரத்தம் எங்கள் மக்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட இருக்காது. இரத்த வங்கியில் பெரும்பாலும் கைவசம் இராது, ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த ஆட்கள் எங்கள் தளத்தில் இருந்தார்கள். ஒருவர் கேட்டு எழுதினால் மற்றவர்கள் அடியில் 'முட்டு' என்று ஒரே ஒரு சொல் எழுதுவார்கள். புதுப் பதில் விழுந்தால் அந்தப் பதிவு பட்டியலின் தலைக்கு ஏறும். பந்தைத் தலையால் முட்டி மேலே அனுப்புகிற மாதிரிதான். இரத்தம் கொடுக்கப் போகிறவரும் முதலில் முட்டிவிட்டுத்தான் தனிச் செய்தியில் தொலைபேசி எண் கேட்பார். தன்னால் போக முடியாமல் போனால் இன்னொருவர் கண்ணிலாவது படட்டும் என்ற எண்ணம். எண்ணை வெளியில் போடுவதில்லை, போட்டால் இரத்தத் தரகர்கள் மொய்த்துவிடுவார்கள். இந்த முறையை யாரும் உட்கார்ந்து வகுக்கவில்லை. தானாக வந்தது, நன்றாகவே நடந்தது.

சாக் மர்ஜுகி தளத்தை ஒரு ஜகார்த்தா நிறுவனத்துக்கு விற்றார். அவர்கள் ஃபெர்டி என்பவனை அனுப்பினார்கள். பதவியின் பெயர் 'பயனர் மகிழ்ச்சித் தலைவர்'. பொய் சொல்லவில்லை, அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தான்.

வந்ததும் வராததுமாக முட்டின் மேல் கை வைத்தான். ஒற்றைச் சொல் பதில்கள் குப்பையாம், விளம்பரம் கொடுக்கிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். இனி அப்படி எழுதினால் இயந்திரமே அதை அழித்துவிடும், எழுதியவர் கணக்கும் ஒரு வாரம் முடங்கும். படிக்கலாம், எழுத முடியாது, தனிச் செய்தியும் அனுப்ப முடியாது.

நான் அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். 'செவ்வாய்க்கிழமை முதல் முட்டு என்று மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் உங்கள் கணக்கு ஒரு வாரம் முடங்கும். இரத்தப் பகுதிக்கு மட்டும் இந்த விதி கிடையாது.' அவ்வளவுதான். என் தம்பி மகன்கூடப் புரிந்துகொள்வான்.

ஃபெர்டி படித்துவிட்டுப் பல்வலிக்காரன் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். அலுவலகத்தில் பெண்களை எம்பாக், ஆண்களை மாஸ் என்போம், அக்கா, அண்ணன் மாதிரி.

"எம்பாக் தியாஸ், 'முடங்கும்', 'எழுதாதீர்கள்'... எல்லாமே எதிர்மறையா இருக்கே. படிக்கிறவங்க மனசு என்ன ஆகும்?"

"முடங்கினா என்ன ஆகுமோ அதுதான் ஆகும், மாஸ். முன்னாடியே சொல்லிட்டா முடங்க மாட்டாங்க."

"நாம கட்டளை போடறவங்க இல்ல, கூட நடக்கறவங்க."

"சரி, நடங்க. இரத்தப் பகுதிக்கு விலக்கு குடுத்துட்டு நடங்க."

"அது அடுத்த கட்டத்துல வரும். குறிச்சு வச்சிருக்கேன்."

அடுத்த கட்டம். எங்கள் ஊரில் கடன்காரனுக்கு 'நாளைக்கு வா' என்று சொல்வார்களே, அதன் படித்த வடிவம்.

வெளிவந்த அறிவிப்பில் நான் எழுதிய சொல் ஒன்றுகூட இல்லை. 'மூலைக்கடை புதுப்பொலிவுடன்! உங்கள் உரையாடல்களின் தரம் உயரும் இனிய பயணத்தில் எங்களோடு இணைந்திருங்கள்' என்று ஆரம்பித்து, பட்டாசு, பலூன், இதயம் எல்லாம் தாண்டி, கடைசி வரியில் பொடி எழுத்தில் 'சமூக நெறிகள் செம்மைப்படுத்தப்பட்டுள்ளன' என்று இருந்தது. என்ன நெறி, எப்படிச் செம்மை என்று அறிய விரும்புகிறவன் அந்த வரியைத் தொட்டு, இன்னொரு பக்கம் போய், அங்கே பாதி தூரம் இறங்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பலூனைப் பார்த்தார்கள். ஏதோ நல்ல சேதி என்று நினைத்தார்கள். நல்ல சேதி எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று அதன் அடியில் வரிசையாக 'முட்டு', 'முட்டு', 'முட்டு' என்று எழுதினார்கள். விதி இன்னும் நடைமுறைக்கு வராததால் யாரும் முடங்கவில்லை. ஃபெர்டி அந்த எண்ணிக்கையைப் படமாகப் போட்டு ஜகார்த்தாவுக்கு அனுப்பினான்.

"பாத்தீங்களா எம்பாக், இதுவரைக்கும் எந்த அறிவிப்புக்கும் இவ்வளவு வரவேற்பு வந்ததே இல்ல."

"மாஸ், முட்டாதேன்னு சொன்ன அறிவிப்பை முட்டிட்டு இருக்காங்க. ஒருத்தருக்கும் புரியலன்னு அர்த்தம்."

"நீங்க எதையும் இருட்டாவே பாக்கறீங்க," என்றான்.

நான் தனியாக இரத்தப் பகுதியில் ஒரு எச்சரிக்கை போட்டேன். ஒரே மாதிரி அறிவிப்பு இரண்டு இருக்கக் கூடாது என்று அதையும் எடுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை, நான் இரத்தப் பகுதியைத் திறக்கும் முன்பே, அலுவலகத்தில் விழா. மஞ்சள் சோற்றைக் கோபுரமாக நிறுத்தி, சுற்றிலும் வறுத்த கோழி, தெம்பே என்ற சோயா வில்லை, முட்டை எல்லாம் வைத்திருந்தார்கள். விழா நேரத்தில் யாரும் திரையைப் பார்க்கக் கூடாதாம். எல்லோருடைய கைபேசியையும் ஒரு கூடையில் போடச் சொல்லி, ஃபெர்டி புன்னகையோடு கூடையைத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டான். கோபுரத்தின் நுனியை வெட்டும் முன் அவன் பேசிய பேச்சு, வெட்டிய பின் பேசிய பேச்சு, ஜகார்த்தாவிலிருந்து பெரிய திரையில் மூன்று பேர் பேசிய பேச்சு. சோறு ஆறிப்போனது.

அப்போதுதான் கீழேயிருந்து காவலாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பெயர் வியோனோ, வொனோக்ரோமோவில் வண்டி பழுது பார்க்கிறவர். மூலைக்கடையில் மோட்டார் சைக்கிள் பகுதியில் யார் என்ன சந்தேகம் கேட்டாலும் பதில் எழுதுகிறவர். அவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். எம்பாக்கை எங்கள் ஊர்க்காரர்கள் நிங் என்பார்கள்.

"இங்க நிங் தியாஸ் யாரு?"

"நான்தான், சாக்."

"என் பொண்டாட்டிக்கு பிரசவம். ராத்திரியிலேர்ந்து ரத்தம் போயிட்டே இருக்கு. ஓ நெகட்டிவ். ரத்தம் கைக்கு வராம கத்தி வைக்க டாக்டருங்க தயங்கறாங்க. விடியக்காலம் உங்க தளத்துல எழுதினேன். ஒருத்தன் பதில் போடல, நிங். ஒருத்தன் கூட. நான் எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன்... கார்புரேட்டர் அடைச்சிருக்குன்னு கேட்டவனுக்கெல்லாம் ராத்திரி கண்ணு முழிச்சு எழுதியிருக்கேன். இதுதானா ஊரு?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூடையை ஃபெர்டியின் காலடியிலிருந்து இழுத்தேன். ஏதோ சொன்னான், காதில் விழவில்லை. நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். வியோனோவின் பதிவு அடிமட்டத்தில் கிடந்தது, கீழே ஒரு பதிலும் இல்லை. அழிக்கப்பட்டவை தனியே ஒரு பக்கத்தில் குவிந்திருந்தன. முட்டு. முட்டு. முட்டு. திரை முழுக்க அதுதான். விடியற்காலையிலிருந்தே ஊர் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முட்டிய ஒவ்வொருவரையும் இயந்திரம் வாயை அடைத்து உட்கார வைத்திருக்கிறது. புறாக்காரர்கள், கால்பந்துக்காரர்கள், நான் பலமுறை எச்சரித்த வாயாடிகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். நெகட்டிவ் இரத்தக்காரர்கள் நான்கைந்து பேரும் இருந்தார்கள். முதலில் முட்டு, பிறகு பேச்சு என்ற அவர்கள் மரியாதையே அவர்களைப் பூட்டிவிட்டது.

திரையை வியோனோ பக்கம் திருப்பினேன்.

"ஊரு வந்துச்சு, சாக். இவங்க கதவைச் சாத்திட்டாங்க."

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஃபெர்டி பக்கம் திரும்பினேன்.

"மாஸ், எல்லாரையும் இப்பவே திறந்து விடுங்க."

"எம்பாக், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கணக்கைத் திறக்கறது ஜகார்த்தா கையில. கோரிக்கை அனுப்பறேன். இப்ப சாப்பாட்டு நேரம்..."

"யாருக்குச் சாப்பாட்டு நேரம்?"

அவன் நல்லவன்தான், கெட்ட எண்ணம் இல்லாதவன் என்று பின்னால் பலர் எனக்குச் சொன்னார்கள். இருக்கட்டும். நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு அந்த நிமிடத்தில் அவன் செய்தது மின்னஞ்சலுக்குத் தலைப்பு யோசித்ததுதான்.

கணக்கைத் திறக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் எல்லோர் பக்கத்தின் உச்சியிலும் தெரிகிற அறிவிப்புப் பட்டை என் கையில் இருந்தது. முடங்கியவர்களுக்கும் அது தெரியும். அவனிடம் காட்டாமல் எதையும் போடக் கூடாது என்பது உத்தரவு. உத்தரவைத் தூக்கி உடைப்பில் போட்டேன்.

'நெகட்டிவ் இரத்தம் உள்ளவர்களே, வியோனோவின் மனைவிக்கு ஓ நெகட்டிவ் உடனே வேண்டும். இன்னும் யாரும் போகவில்லை. முட்டு என்று எழுதியதற்காக உங்களை முடக்கியிருக்கிறோம். எங்கள் தவறு, உங்கள் தவறு அல்ல. இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.' அடியில் என் கைபேசி எண்ணைப் போட்டேன்.

"பட்டையில இப்படியெல்லாம்..." என்று ஃபெர்டி ஆரம்பிக்கும்போதே கைபேசி அடித்தது.

ஆம்பெலில் அத்தர் கடை வைத்திருக்கும் சாக் சாலிம். "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். சொன்னேன். வைத்துவிட்டார். அடுத்தடுத்துக் கூப்பிட்டவர்களுக்கும் சொன்னேன். வியோனோவை என் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த நடைக்கூடத்தில் ஏற்கனவே ஊர் நின்றது. பாசிட்டிவ் இரத்தக்காரர்கள், எதற்கும் உதவாத இரத்தக்காரர்கள், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாத இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒரு புறாக்காரர் எல்லோருக்கும் தேநீர் வாங்கி வந்திருந்தார். ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் யாரையும் எச்சரிக்கவில்லை.

சாலிம் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். அத்தர் வாசனையும் மருந்து வாசனையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலையிலயே பாத்தீங்களா, சாக்?"

"கடை திறந்ததும் பாத்தேன். முட்டினேன். உடனே ஒரு பூப்படம் வந்துச்சு. 'உங்கள் கணக்கு ஓய்வில் இருக்கிறது, நீங்களும் சற்று ஓய்வெடுங்கள்'னு. சரி, ஆள் கிடைச்சிருச்சு, அதான் ஓய்வெடுக்கச் சொல்றாங்கன்னு நினைச்சேன்." பஞ்சைப் பார்த்தார். "எடுத்தேன், நிங். கடையில உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தேன்."

முடங்கியது என்று ஒரு சொல் போட்டிருந்தால், இந்த மனிதர் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்து எங்களைக் கிழித்திருப்பார். அதற்குப் பதில் அவருக்கு ஒரு பூ அனுப்பினார்கள்.

வியோனோவின் மனைவி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. சீக்கிரம் அறுத்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அது என் காதில் விழுந்துவிட்டது. வியோனோவின் காதிலும் விழுந்துவிட்டது.

மறுநாள் அடக்கத்துக்குப் போய்விட்டு நேராக அலுவலகம் வந்தேன். செருப்பில் ஈரமண் ஒட்டியிருந்தது. ஃபெர்டி கண் சிவந்து உட்கார்ந்திருந்தான், அவனும் தூங்கியிருக்க மாட்டான். எனக்காக ஒரு அறிவிப்பு தயாராக இருந்தது. இந்த முறை பலூன் இல்லை, அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

"ஜகார்த்தா ஒப்புதல் குடுத்துட்டாங்க. சொல் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க, எம்பாக்."

'எங்கள் மேம்பாட்டுப் பணியின்போது சில பயனர்களுக்கு ஏற்பட்ட சிறு அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.'

இரண்டு முறை படித்தேன். கத்தவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் வியோனோ கத்தாமல் கேட்டது நினைவில் நின்றது.

"ஒரு சொல் மட்டும் மாத்தணும், மாஸ்."

"எது?"

"'சிறு அசௌகரியம்'னு போட்டிருக்கீங்களே. அதுக்குப் பேர் வச்சிருக்காங்க. ஜட்மிகா. புதைச்ச இடத்துல மரப்பலகையில எழுதி நட்டுட்டு இப்பத்தான் வர்றேன். அந்தப் பேரைப் போடுங்க."

அவன் விரல் விசைகளின் மேலேயே நின்றது. 'அசௌகரியத்துக்கு' என்பதைப் பின்னாலிருந்து 'அ' என்ற எழுத்துவரை அழித்தான், அதற்கு மேல் அவனால் எழுத முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் விட்டான்.