எடுத்துக் கொடுத்த அடி

தேவாலயத்தின் பங்குத் திருவிழா நாடகத்தில் சகாயநாதனை யாரும் பார்க்க முடியாது. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவனுக்கு அடி எடுத்துக் கொடுப்பதுதான் அவன் வேலை. பாலக்கரையில் அவனை நம்பித்தான் அத்தனை ராஜாக்களும் கிரீடம் வைத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் மட்டும் ஒருவனைக் கைவிடுவதென்று முடிவு செய்திருந்தான்.

அந்த ஒருவன் தைரியராஜ். அரியமங்கலம் பட்டறையில் வேலை. எட்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதம், சகாயநாதனின் தம்பி சின்னப்பனும் அவனும் ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடத்தில் வெள்ளம் பார்க்கப் போனார்கள். கரை சரிந்து சின்னப்பன் ஆற்றோடு போனான். உடல் மறுநாள்தான் கிடைத்தது.

"கை எட்டலைண்ணே!" என்று தைரியராஜ் கரையில் விழுந்து அழுதான். அழுதவனின் மூடிய கைக்குள்ளிருந்து தம்பியின் கிழிந்த சட்டைக் கை தொங்கியதை, ஓடிவந்த சகாயநாதன் பார்த்துவிட்டான். எட்டாத கைக்கு அது எப்படி வந்தது? கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். கேட்டால் அம்மா ரோசம்மாள் தாங்கமாட்டாள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். அம்மாவோ ஞாயிறு பூசை முடிந்ததும் அதே தைரியராஜைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாள். சகாயநாதனுக்கு வயிறு எரியும்.

நாடகம் பழைய சோகக் கதை. உயிருக்குப் பயந்து, தன் நண்பனான அரசனை வெளியே விட்டுக் கோட்டைக் கதவை அடைத்த தளபதி. பழிவாங்க வந்தும், வாளை ஓங்கியும், வெட்டத் தயங்கும் அரசனின் மகன். தளபதி வேஷம் தைரியராஜுக்கு. நாலாம் காட்சியில் அவன் மண்டியிட்டு, "கதவை அடைத்தது இந்தக் கைதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் ஒருநாளும் அந்த அடி அவன் வாயில் வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் சகாயநாதன்தான் எடுத்துக் கொடுத்தான். இன்றைக்குக் கொடுக்கமாட்டான். ஊர் முன்னால் முழிக்கட்டும். இதுவும் ஒரு பழியா என்று நீங்கள் சிரிக்கலாம். வாள் தூக்கத் தெரியாதவன் வேறென்ன செய்வான்?

நினைத்தபடியே நடந்தது. தைரியராஜ் மண்டியிட்டான். தூணுக்குப் பின்னால் இளவரசன் வாளை ஓங்கி நின்றான். அடி வரவில்லை. தைரியராஜ் பக்கத் திரையைப் பார்த்தான். சகாயநாதன் வாயை இறுக மூடிக்கொண்டான். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

தைரியராஜ் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "கை எட்டுச்சு," என்றான். செந்தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது. "சட்டை கிழிஞ்சப்புறமும் கையைப் புடிச்சுட்டேன். அவன் இழுத்த இழுப்புல நானும் போயிருவேன்னு பயந்து... நான்தான் விட்டுட்டேன்."

மண்டபம் அடங்கியது. எல்லாரும் நடிப்பென்றே நினைத்தார்கள். முன் வரிசையில் ரோசம்மாள் மட்டும் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். தைரியராஜ் அவளைத்தான் பார்த்தான். "அம்மா, அன்னிக்கு..."

சகாயநாதன் பேசாமல் நின்றிருந்தாலே போதும். எட்டு வருஷமாகக் காத்திருந்தது அதற்குத்தான். ஆனால் தளபதித் தலைப்பாகைக்கும் ஒட்டுமீசைக்கும் நடுவில் தெரிந்தது பயந்துபோன ஒரு பையனின் முகம். அம்மா நொறுங்கிவிடுவாளே என்ற பதைப்பும் சேர்ந்துகொண்டது.

"கதவை அடைத்தது இந்தக் கைதான்!" என்று கத்திவிட்டான். கடைசி வரிசைவரை கேட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தைரியராஜ் அந்த அடியைப் பிடித்துக்கொண்டு மீதி வசனத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பித்து முடித்தான்.

வீடு திரும்பும் வழியில் ரோசம்மாள் முன்னால் நடந்தாள். சகாயநாதனுக்கு மனசு லேசாக இருந்தது. பழியை விட்டுவிட்டோம், அம்மாவையும் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தான்.

"அந்தச் சட்டையைத் தைச்சவ நான்தாம்ப்பா," என்றாள் திடீரென்று. "ஒரு கை இல்லாம வந்துச்சே, அது எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் நின்றுவிட்டான். "தெரிஞ்சுமா அவனுக்குச் சோறு போட்டே?"

"அவன் வாயாலயே சொல்லட்டும்னுதான் போட்டேன். சொல்லிட்டா அவனுக்கும் ஆறிடும், எனக்கும் ஆறிடும். இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் என்னைப் பாத்து 'அம்மா, அன்னிக்கு'ன்னு வாயெடுத்தான்." அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "அதுக்குள்ள உன்னை யாருப்பா அடி எடுத்துக் குடுக்கச் சொன்னது?"