மூன்றாவது இருக்கை

அப்பாவைப் புதைத்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வந்தது உடல் மட்டும்தான், ஆள் வரவில்லை. வனவிலங்குக் காப்பகத்துக்குள் ஒரு வறண்ட ஓடையில், காட்டெருமை முட்டிச் சாய்த்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். அம்மாவின் கனவில் வந்து, "குளிருது, என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்கிறாராம். அம்மா தூங்குவதையே விட்டுவிட்டாள்.

எங்கள் ஜூலு வழக்கப்படி, செத்த இடத்துக்கு இலந்தைக் கிளையோடு போய், ஆவியை அதில் ஏற்றிக் கூப்பிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அது தனியார் காடு. ஜீப்பும் துப்பாக்கியும் இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது.

அந்தக் காட்டு விடுதியின் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எதற்கு வாங்கினேன்? வெளிநாட்டுக்காரர்களின் காட்டுப் பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பதற்கு. "சிறுத்தை உறுதியா?" என்று மின்னஞ்சல் வரும். சிறுத்தை எங்கள் சம்பளத்தில் இல்லை என்று எழுதக் கை துடிக்கும். "நல்ல வாய்ப்பு உண்டு" என்று எழுதுவேன். யாருக்குப் பால் ஆகாது, யாருக்கு முதுகுவலி, யார் எந்த வரிசை, எல்லாம் எனக்கு மனப்பாடம். என் அப்பாவின் பயணத்தை மட்டும் இரண்டு வருடமாகத் திட்டமிட முடியவில்லை. ஜீப் எப்போதும் நிரம்பியிருந்தது.

ஒரு வழியாக, விருந்தினர் ஆறே பேர் போகிற ஒரு காலை கிடைத்தது. பின்வரிசை காலி. மேலாளர் லினெட்டிடம் போய் நின்றேன்.

"நீயும் உன் அத்தையும்தானே? ரெண்டு சீட் எடுத்துக்கோ ஸிபு."

"மூணு வேணும்."

"மூணாவது யாரு?"

"எங்கப்பா."

லினெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பதிவுல என்னன்னு போட?"

"பெக்கிதெம்பா முத்தெத்வா. சாப்பாட்டுல ஒவ்வாமை எதுவும் இல்ல."

அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும்தான். கடைசியில், "அதுக்குள்ள வேற ஆள் வந்தா பாத்துக்கலாம்" என்றாள். நல்ல வேளை, யாரும் வரவில்லை.

கிளையை ஆண்பிள்ளை பிடிப்பதுதான் வழக்கம். தம்பிக்குச் சுரங்கத்தில் விடுப்பில்லை. அப்பாவின் அக்கா, என் அத்தை, முதல் நாளே எச்சரித்தாள்.

"கிளையைக் கையில எடுத்தா வீடு சேர்ற வரைக்கும் உங்கப்பன்கிட்ட மட்டும்தான் பேசணும். வழியில வர்றதை எல்லாம் அவனுக்குச் சொல்லிக்கிட்டே வரணும், இல்லன்னா வழி தவறிடுவான். வேற ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேசினாலும் அவன் அங்கேயே நின்னுடுவான். உன் வாய் தாங்குமாடீ?"

"தாங்கும்."

"பார்ப்போம். பள்ளிக்கூடத்துல வாத்தியாரையே வாயை மூடச் சொன்னவதானே நீ."

மறுநாள் ஓடையில் இறங்கிக் கிளையால் தரையைத் தொட்டேன். "நியம்போசே, அப்பா, ஸிபுயிலே வந்திருக்கேன். வீட்டுக்குப் போகலாம், வாங்க" என்றேன். நியம்போசே என்று குலப்பெயர் சொன்னதும் அத்தை விசும்பினாள். ஓட்டுநரும் வழிகாட்டியுமான ரூவான் துப்பாக்கியோடு தள்ளி நின்றான். விருந்தினர்கள் ஜீப்பில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை நடுவில் உட்கார வைத்து, கிளையை அந்த இருக்கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

வழியில் சிங்கங்கள். இடப்பக்கம், ஜீப்புக்கு வெகு அருகில். முன்வரிசை அம்மாள் ஒருத்தி, முழங்கை நீளக் கேமராவோடு எழுந்து பின்னால் ஏறி வந்தாள்.

"இது காலிதானே? இங்கேருந்து நல்லாத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இடுப்பை இறக்கினாள்.

அத்தைக்கு ஆங்கிலம் வராது. ஜூலுவில் கத்தினாள். அந்த அம்மாள் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். ரூவானோ ரேடியோவில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தால் அப்பா போய்விடுவார். திறக்காவிட்டால் இவள் அவர்மேல் உட்கார்ந்துவிடுவாள்.

கிளையைப் பார்த்தேன். ஆங்கிலத்திலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்பா, இந்தம்மா உங்க மடியில உட்காரப் போறாங்க. நீங்க செத்துப்போனது அவங்களுக்குத் தெரியாது. கோவிச்சுக்காதீங்க."

இடுப்பு பாதியிலேயே நின்றது. முன்னால் காப்பிக் குவளைகள் எல்லாம் அசையாமல் நின்றன. அந்த அம்மாள், இருக்கையைப் பார்த்து, "மன்னிக்கணும்" என்றாள். என்னிடம் அல்ல, அவரிடம். பிறகு சத்தமில்லாமல் தன் இடத்துக்குப் போனாள்.

நான் நிறுத்தவில்லை. "நல்லாச் சாஞ்சு உட்காருங்கப்பா. பதினெட்டு வருஷம் ஜீப்போட மூக்குல, அந்த இரும்பு நாற்காலியில உட்கார்ந்து இவங்களுக்குத் தடம் பார்த்துச் சொன்னீங்க. மெத்தை வச்ச சீட்டுல இன்னிக்குத்தான் உட்கார்றீங்க. அதுக்கும் சாக வேண்டியிருந்துச்சு."

ரூவான் ரேடியோவை அணைத்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை, அலுப்புதான் வந்தது. அணை வந்ததும் அணை வருது என்றேன். காப்பகத்தின் வாயிற்கதவு வந்ததும் குனிஞ்சுக்கோங்க என்றேன்.

வெளியே எங்கள் ஊர் வேன் நின்றது. ஓட்டுநர் கிளையைப் பார்த்தான், என்னிடம் எதுவும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "டேய், மூட்டையை மடியில வை. பெரியவர் ஜன்னலோரமா உட்காரட்டும்" என்றான். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் நெருக்கினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

அத்தை என் தோளில் தூங்கிப்போனாள். எனக்கும் கண் சொருகியது. ஆனால் பாலம் வந்தால் யார் சொல்வது? சொன்னேன். ஒவ்வொரு திருப்பத்தையும் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"வந்துட்டாராடீ? ஏதாவது சொல்லேன். வந்துட்டாரா?"

அவளுக்கு நான் பதில் சொல்லக் கூடாது.

"அப்பா," என்றேன், "வாசப்படி. பார்த்து வாங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவர் நுழையும் அளவுக்கு வழிவிட்டு விலகி நின்றாள்.