இரண்டு கோடு

பதினோரு நாள். புருஷன் ஹாக்கை வயல் காவல் குடிசைக்குள் போட்டுப் பூட்டி, அவன் வாந்தியை வாரிக் கொட்டி, வசவை வாங்கிக்கொண்டு, லா அவனை ஹெராயின் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தாள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி டவுனில் மட்டும் கிடைத்த மெத்தடோன் மருந்து இப்போது டியன் பியன் மலைக்கே வந்துவிட்டது. தினம் ஒரு வாய் குடித்தால் ஊசி தேவைப்படாது, ஹெச்.ஐ.வி.யும் அண்டாது என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். நல்ல காரியத்துக்குச் சுத்தமாகப் போக வேண்டாமா? குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

சிறுநீர் சோதனை அட்டையைப் பார்த்த நர்ஸ் துயேத் உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு கோடு விழுந்திருக்கு அக்கா. உடம்புல போதை இல்லன்னு அர்த்தம். ரத்தத்துலயும் ஹெச்.ஐ.வி. இல்ல. சேர்க்க முடியாது."

"பூட்டி வச்சிருந்தேம்மா! விட்டா இன்னிக்கே ஓடிருவான்."

"ஒத்தக் கோடு விழுந்தாத்தான் மருந்து. அடுத்த வாரம் வாங்க."

"அப்ப ஒரு தடவ குத்திக்கிட்டு வரச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல."

அப்படித்தான் சொன்னாள். சர்க்கார் கணக்கில் ஹாக் திருந்தியதுதான் குற்றம்.

லா மருந்துக் கடையில் புது ஊசி வாங்கி, அவன் கையில் அவளே வைத்தாள். "வேற எவனும் இதத் தொடக் கூடாது. ஒரே தடவ. கேட்டியா?"

"நல்ல பொண்டாட்டி வாய்ச்சா!" என்று சிரித்துக்கொண்டே கூட்டாளி சுங் வீட்டுக்குப் போனான்.

அடுத்த வாரம் ஒற்றைக் கோடு விழுந்தது. சேர்த்துக்கொண்டார்கள். மருந்தைக் குறை சொல்ல முடியாது. ஹாக் உடம்பு தேறினான், நாற்று நட்டான், பெண்டாட்டியைக் கேலி பேசினான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மேஜையில் கிடந்த அட்டையை எட்டிப் பார்த்த லாவுக்கு வாயெல்லாம் பல்.

"ரெண்டு கோடு! ஒண்ணுமில்ல, பாத்தியா?"

துயேத் தலை நிமிரவில்லை. "இது ஹெச்.ஐ.வி. அட்டை அக்கா. இதுல ஒத்தக் கோடுதான் நல்லது."

லா புருஷன் பக்கம் திரும்பினாள். "புது ஊசி குடுத்தேனேய்யா!"

"பொருள் சுங்கோடது. கொண்டு வந்தவன்தான் மொதல்ல குத்திப்பான். அதான் வழக்கம்" என்றான் ஹாக், தரையைப் பார்த்தபடி. "உன் ஊசிலதான் குத்திக்கிட்டான்."

அடிக்கக் கை ஓங்கினாள். அந்தக் கையைத் துயேத் மெல்லப் பிடித்து இறக்கி, புதிதாக ஓர் அட்டையைப் பிரித்தாள்.

"விரலக் குடுங்கக்கா. உங்களுக்கும் பார்க்கணும்."

"எத்தன கோடு விழணும்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் லா விரலை நீட்டினாள்.