அறுபத்திநாலு கிலோபிட்

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மருதை போனை மணலில் ஓங்கி அடிக்கப் போகிறவன் போல் பிடித்திருந்தான். கொள்ளிடக் கரையில், பொக்லைனின் நிழலில், மூன்றாவது தடவையும் சான்றிதழை ஏற்றிப் பார்த்து, மூன்றாவது தடவையும் பொறுமையில்லாமல் நிறுத்திவிட்டிருந்தான். இப்போது நடப்பது நான்காவது.

தினக்கூலிக்குப் பொக்லைனில் மணல் அள்ளுகிறவனுக்கு ஆற்றில் தண்ணீர் வந்தால் வேலை போய்விடும். துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் நிரந்தர ஆபரேட்டர் வேலை என்று கேள்விப்பட்டு, போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பியிருந்தான். அனுபவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. மதியம் இரண்டு மணிக்கு மேல் வாங்க மாட்டார்கள். தாளை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவனுக்கு, அவன் மனைவி ஜோதி காட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, சோற்றுத் தூக்கோடு அதையும் கொண்டுவந்து கொடுத்தாள். படம் எடுத்தாயிற்று. அனுப்பத்தான் முடியவில்லை. காலையில் டீசல் வரும்வரை கபடி பார்த்துப் பார்த்து அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிட்டிருந்தான். ரீசார்ஜ் பண்ணலாம் என்றால் பணம் கட்டும் பக்கமே திறக்கவில்லை. ஜோதியிடம் இருப்பது பட்டன் போன். தூரத்து மரத்தடியில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நெட் கேட்டால் எதற்கு என்பார். வேறு வேலைக்குப் போகிறான் என்று தெரிந்தால் நாளைக்கே இந்த வண்டியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான்.

"செத்துப்போச்சு ஜோதி. நெட்டும் போச்சு, வேலையும் போச்சு."

"நெட்டு சாகல. என்ன மெசேஜ் வந்துச்சு, காட்டுங்க."

டேட்டா முடிந்தது, இனி வேகம் அறுபத்திநாலு கேபிபிஎஸ் என்று இருந்தது.

"நானும் கணக்குப் போட்டேன்டி. சர்டிபிகேட்டு ஆயிரத்தி இருநூறு கேபி. அறுபத்திநாலால வகுத்தா இருபது செகண்டுகூட இல்ல. நான் ஒரு நிமிஷம் பாத்துட்டுத்தான் நிறுத்துறேன்."

ஜோதிக்கு இந்தச் சண்டை பழையது. கல்யாணத்துக்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் கூட்டித் துடைக்கப் போனவள், போகப்போகக் கல்லாவிலும் உட்கார்ந்தாள். மோடத்தில் ஐம்பத்தாறு என்று எழுதியிருக்கிறதே, திரையில் ஏழுகூட வரவில்லையே, எதற்குக் காசு என்று ஆட்கள் மல்லுக்கு நிற்பார்கள். தினமும் எட்டால் வகுத்துக் காட்டியே அவளுக்குத் தொண்டை வறளும்.

"அந்த அறுபத்திநாலு பிட்டுக் கணக்குங்க. உங்க படம் பைட்டுக் கணக்கு. எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. எட்டு பக்கெட்டு அள்ளிப் போட்டாத்தானே ஒரு டிப்பர் ரொம்பும்? நீங்க மூணு பக்கெட்டப் போட்டுட்டு, ஏன் ரொம்பலன்னு கொட்டிக் கவுத்துட்டு, மறுபடி மொதல்லேருந்து அள்ளுறீங்க."

"டிப்பருக்கு டிப்பர் மாறும்டி."

"பைட்டு மாறாது. செகண்டுக்கு எட்டு கேபிதான் போகும். ரெண்டரை நிமிஷம். இழுத்தா மூணு, நாலு."

"நூறு எம்பிபிஎஸ்னு போர்டு வச்சிருக்கான் ஊரெல்லாம். இதெல்லாம் ஒரு வேகமா?"

"அந்தக் கணக்குல இது பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு நாலு. எங்க மோடம் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் அஞ்சு ஆறு. அத நாலு கம்ப்யூட்டரு பங்கு போட்டுக்கிட்டு, ஊருல பாதிப் பேரோட பயோடேட்டா துபாய் வேலைக்கு அதுலதான் போச்சு. உங்க ஒருத்தருக்கு அறுபத்திநாலு பத்தலையாக்கும்."

அதற்குள் அவன் விரல் மறுபடி திரையை நோக்கிப் போயிற்று. அவள் போனைப் பிடுங்கி, பொக்லைனின் செயின் மேல் வைத்தாள். தூக்கைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள்.

"கைய சோத்துல வைங்க."

அவன் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை. போனையே பார்த்து மென்றான். வட்டம் சுற்றியது. மரத்தடியில் சூப்பர்வைசர் எழுந்து வேட்டியை உதறி, மறுபடி உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. ஜோதியும் போனை எட்டி எட்டிப் பார்த்தாள். வாயால் சொன்ன கணக்கு, இருபது வருஷத்துப் பழசு. தப்பாக இருந்தால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவான். சொல்லிக்காட்டட்டும், வேலை போய்விடக் கூடாது.

வட்டம் நின்றது. பக்கம் வெளுத்தது. மருதை மெல்லுவதை அப்படியே நிறுத்தினான்.

முதலில் ஒரு வரி எழுத்து வந்தது. விண்ணப்பம் பெறப்பட்டது. மணி ஒன்று நாற்பத்தெட்டு.

அவன் மூச்சை விட்ட விதத்தில் ஒரு பருக்கை ஜோதியின் சேலையில் தெறித்தது. "போயிருச்சு புள்ள," என்றான். கூப்பிடுவார்களோ மாட்டார்களோ, அது வேறு. இனி அது அவன் விரலில் இல்லை.

"மருதை! டிப்பர் வந்துருச்சு!" மரத்தடியிலிருந்து சத்தம்.

"தோ வரேங்க!" என்றானே தவிர அசையவில்லை. வரிக்குக் கீழே, விண்ணப்பத்தில் ஒட்டிய அவன் போட்டோ பட்டை பட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை வந்தது. நெற்றி வந்தது. ஸ்டுடியோவில் முறைத்த இரண்டு கண்களும் வந்தன.

"என்னங்க, களவாணி மாதிரி முழிக்கிறீங்க," என்றாள் ஜோதி.

"சும்மா இரு, மூக்கு வருது."

தலையோடு தலை முட்டக் குனிந்து இருவரும் பார்த்தார்கள். மீசை பாதி வந்திருந்தது. வாய்க்காகக் காத்திருந்தார்கள்.