போர்ட்டோவில் கொழுந்து

"பாத்துட்டுச் சொல்றேன்" என்று ராஜகுமாரி சொன்னபோது கீழ் கோத்தகிரியில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரைச் சத்தத்தில் அம்மா பேசிய மற்றதெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. இது மட்டும் சுமலதாவின் காதில் தெளிவாக விழுந்தது.

விஷயம் இதுதான். மலைச்சரிவில் மண் ஏன் சரிகிறது என்று படிக்கப் போனவள் சுமலதா. அதற்காக உதவித்தொகையில் ஒரு வருடம் போர்ச்சுகல் நாட்டில், போர்ட்டோ என்ற ஊரில் இருந்துவிட்டு வந்தாள். இப்போது அதே பல்கலைக்கழகம் இரண்டு வருட வேலை தருகிறோம், வருகிறாயா என்று கேட்கிறது. அண்ணன் விமல் ஏற்கெனவே ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஒண்ண அனுப்பியாச்சு. இருக்கிற ஒண்ணையும் அனுப்பிட்டு நானும் உங்கப்பாவும் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?" என்பது அம்மாவின் கட்சி. அப்பா செல்லதுரைக்குத் தனிக் கட்சி கிடையாது. தேயிலை ஃபாக்டரியில் வாழ்நாளெல்லாம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்தவர். வீட்டிலும் சத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தலையாட்டிவிடுவார்.

அந்த நேரம் பார்த்து விமல் எல்லோருக்கும் டிக்கெட் போட்டான். இரண்டு மாதம் வந்து இருங்கள், நானும் லீவு சேர்த்து வைத்திருக்கிறேன், நான்கு ஊர் பார்க்கலாம் என்றான். அதில் கடைசி ஊராக போர்ட்டோவைச் சேர்த்தது சுமலதாவின் வேலை. ஊர் திரும்புவதற்குள் பல்கலைக்கழகத்துக்குப் பதில் எழுதியாக வேண்டும். அம்மா ஊரைப் பார்த்துவிட்டால் போதும், தானாகச் சம்மதித்துவிடுவாள் என்று அவள் நம்பினாள். அப்படி நம்புகிறவள்தான் அவள்.

கோத்தகிரி கிளை நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களுக்கு ஒரே ஓர் அலமாரி. பள்ளிக்கூடத்து நாளிலேயே அதை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை படித்து முடித்தவள். அந்த நாவல்களில் எப்போதும் ஓர் ஆறு இருக்கும், ஒரு பாலம் இருக்கும், காப்பிக் கடை ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து மழையைப் பார்க்கிற ஒருவர் இருப்பார். படிக்கப் போனபோது போர்ட்டோவில் ரயிலை விட்டு இறங்கிய முதல் நாளே, மடக்கி வைத்த பக்கத்தைத் திறந்ததுபோல் இருந்தது அவளுக்கு. யாராவது தன்னைத் தமிழில் விவரித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார்களோ என்றுகூடத் திரும்பிப் பார்த்தாள்.

ராஜகுமாரிக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. ரோமில் பழைய அரங்கத்தைப் பார்த்துவிட்டு, "இடிஞ்சு கெடக்கு. சரி பண்ணாமயே உள்ள விடுறாங்களே" என்றாள். பாரிஸில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தன இரும்புக்கு நம்ம தோட்டத்து லயத்து வீடு பூராவுக்கும் கூரை மாத்தியிருக்கலாம்" என்றாள்.

போர்ட்டோவில் இறங்கியபோது மே மாதம். ஆனாலும் ஊரே பனிமூட்டத்துக்குள் இருந்தது.

"அம்மா, இங்க நின்னு பாரு. கீழ ஆறு. அதுக்கு மேல ரெண்டு அடுக்குப் பாலம். அந்தக் கரையில ஒயின் கிடங்குங்க, வரிசையா, ஓட்டுக் கூரை போட்டு..."

நான்கு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். எதிரே வெள்ளையாக ஒன்றுமே இல்லை. எங்கோ ஒரு கடற்காகம் கத்தியது.

செல்லதுரை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு, "நல்லாருக்கு. கோடநாடு வியூ பாயிண்டுல நின்ன மாதிரியே இருக்கு" என்றார். இரண்டு மாதத்தில் அவர் முகம் அவ்வளவு மலர்ந்து யாரும் பார்த்ததில்லை.

"அங்கயும் இப்படித்தான் ஒண்ணும் தெரியாது. வீட்லருந்து பஸ்ஸுல போயிட்டு வந்துரலாம்" என்றாள் ராஜகுமாரி.

விமல் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். சுமலதா அவன் காலை மிதித்தாள்.

மறுநாளும் ஊர் அவளுக்கு ஒத்துழைக்கவில்லை. அவள் உட்கார்ந்து படிக்கும் காப்பிக் கடை இப்போது சுற்றுலா வருகிறவர்கள் பெட்டியை வைத்துவிட்டுப் போகும் கடையாகியிருந்தது. பழைய புத்தகம் விற்ற கிழவரின் இடத்தில் மத்தி மீன் டப்பாக்களை நகைக்கடைபோல அடுக்கி வைத்திருந்தார்கள். நீல ஓடு பதித்த தேவாலயச் சுவரைத் துணி போட்டு மூடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கைவிட்ட பிறகு அவள் மொழியை இழுத்தாள்.

"மேசை, அலமாரி, ஜன்னல், சாவி... இதெல்லாம் இவங்க வார்த்தைம்மா. கப்பல்ல நம்மூருக்கு வந்தது."

"அப்ப நம்மூட்டு அலமாரி மாதிரி இங்கயும் கதவு சாத்தாதா?"

"அம்மா!"

"என்னத்தடி கத்துற? கேக்கக்கூடாதா?" ராஜகுமாரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் உட்கார்ந்தாள். "ஏறி இறங்கி ஏறி இறங்கி... பிறந்ததுலருந்து மலைதான். வெளிநாடு கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி இங்கயும் ஒரு மலையக் கொண்டாந்து காட்டுற."

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் யாரும் அந்தப் பதிலைப் பற்றிப் பேசவில்லை. விமல் மட்டும் எழுந்து போகும்போது தங்கையின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். "விடு. நாளைக்கு வெயில் அடிக்கும்."

நாளைக்கும் வெயில் அடிக்கவில்லை. சுமலதா இனி எதையும் காட்டுவதில்லை என்று முடிவு செய்தாள். தான் குடியிருந்த தெருப் பக்கமாகச் சும்மா நடந்துவிட்டு வரலாம் என்று எல்லோரையும் கிளப்பினாள். பேக்கரிக்கு மேலே மூன்றாவது மாடியில் தன் பழைய ஜன்னலை விமலுக்குக் காட்டிவிட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணோம். அப்பாவையும் காணோம்.

தெரு முனையில் ஒரு பழைய பங்களா, அதைச் சுற்றித் தோட்டம். இரும்பு கேட் பாதி திறந்திருந்தது. உள்ளே, ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்த பச்சைப் புதருக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மேல பாரு, மேல. அந்தக் கிளையில நெறய இருக்கு."

"எட்டலீங்க. கொஞ்சம் வளைச்சுப் புடிங்க."

சுமலதா ஓடினாள். ராஜகுமாரி சால்வையை இடுப்பில் முடிந்து மடி கட்டியிருந்தாள். இரண்டு கைகளும் செடியின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு இலை ஒரு அரும்பு, இரண்டு இலை ஒரு அரும்பு. மடி ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. செல்லதுரை ஒரு கிளையை வளைத்துப் பிடித்தபடி, கசக்கிய இலையை மூக்கருகே வைத்துச் சந்தேகமாக மோந்துகொண்டிருந்தார்.

"அம்மா, என்ன பண்ற?"

"வா வா, நீயும் ஒரு கை புடி. எந்தப் பாவியோ தேயிலையப் போட்டுட்டுக் கவாத்தே பண்ணாம மரமா விட்டுட்டான். இப்படியா வளர விடுவாங்க? கொழுந்து பாரு, எப்படி வந்திருக்கு. பறிக்க ஆளில்லாம முத்திப் போகுது."

"அது தேயிலை இல்லம்மா! கமீலியா! பூச்செடி!"

"என்கிட்டயா சொல்ற? இந்த இலைய எனக்குத் தெரியாதா? பூவு எங்க?"

பூக்காலம் போன மாதமே முடிந்திருந்தது. செடிக்கடியில் பழுப்பாக நாலைந்து இதழ்கள் மக்கிக் கிடந்தன. சுமலதா அதைக் காட்டக் குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண். அம்மா வயதுதான் இருக்கும், கையில் கிளை வெட்டும் கத்தரி. அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சுமலதா முதலில் தலை குனிந்து, போர்ச்சுகீசில் எத்தனை விதமாக மன்னிப்புக் கேட்கலாமோ அத்தனை விதமாகவும் கேட்டாள். அந்தப் பெண் ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

"சுற்றுலா வந்தவங்களுக்கு எல்லாத்தையும் பிய்க்கணும். சுவத்துல பதிச்ச நீல ஓட்டைப் பிய்ச்சீங்க, இப்ப செடியையும் பிய்க்கிறீங்க. இந்த ஊரே உங்களாலதான் நாசமாப் போச்சு!"

சுமலதாவுக்குக் காதுக்குள் ஏதோ குப்பென்று ஏறியது. நேற்று பார்த்த பெட்டி வைக்கிற கடை, மத்தி டப்பா, எல்லாம் சேர்ந்து ஏறியது.

"நான் ஒண்ணும் சுற்றுலா வந்தவ இல்ல! அதோ, அந்த மூணாவது மாடியில இருந்தேன். குளிர்காலம் பூரா கூரை ஒழுகி வாளி வச்சுட்டுப் படுத்திருந்தேன். என் காப்பிக் கடையைத் தூக்கிட்டுப் பெட்டி வைக்கிற கடை போட்டது யாரு? நானா?"

"எந்த மூணாவது மாடி?"

"பேக்கரிக்கு மேல!"

"அந்தப் பேக்கரியா?" அந்தப் பெண் கத்தரியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "நேத்துச் சுட்ட ரொட்டிய அடியில வச்சுக் குடுப்பானே, அவனா?"

"அவனேதான்! கேட்டா, ஈரக்காத்துல அப்படி ஆயிருச்சும்பான்!"

"எங்கிட்டயும் அதேதான் சொல்றான், இருபது வருசமா!"

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பேக்கரிக்காரனை ஒரு வழி பண்ணினார்கள். கையை நீட்டி நீட்டி, ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்து, வாக்கியத்தைப் பாதியில் விட்டு இருவருமாகச் சிரித்தார்கள். விமல் வாயைத் திறந்தபடி நின்றிருந்தான். ராஜகுமாரி மடியைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா தேயிலை பறிக்கிறவள், இதைத் தேயிலை என்று நினைத்துவிட்டாள் என்று சுமலதா விளக்கியதும், அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கத்தரி கீழே விழுந்தது. ராஜகுமாரியின் மடிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு தண்டில்லை, ஒரு முற்றலில்லை.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. இது அந்தக் குடும்பத்துல சோம்பேறி. பூத்துட்டு நிக்கும், வேற ஒண்ணுக்கும் ஆகாது."

சுமலதா மொழிபெயர்த்தாள். ராஜகுமாரி செடியை மேலும் கீழும் பார்த்தாள். "அதான் மினுக்கிட்டு நிக்குது" என்றாள். "அது சரி. கவாத்து ஏன் பண்ணலன்னு கேளு."

அதையும் கேட்டாள். முதலாளி லிஸ்பனில் இருக்கிறார், ஆள் அனுப்புகிறேன் அனுப்புகிறேன் என்கிறார், தன் ஒருத்தியால் ஆகவில்லை என்று பதில் வந்தது. "எல்லா ஊர்லயும் முதலாளி தூரத்துலதான் இருப்பான்போல" என்றாள் ராஜகுமாரி. அதை மொழிபெயர்த்ததும் அந்தப் பெண் அவள் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பறித்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டாள்.

ஓட்டலுக்குத் திரும்பியதும் செல்லதுரைக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுவரோரத்து ஹீட்டர்மேல் துண்டை விரித்து இலையைப் பரப்பினார். வாடியதும் உள்ளங்கையில் வைத்து உருட்டினார். சாயங்காலம் மின்கெண்டியில் தண்ணீர் கொதித்தது. நான்கு கோப்பையிலும் லேசான மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று வந்தது.

செல்லதுரை ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, நீண்ட யோசனைக்குப் பின் தீர்ப்புச் சொன்னார். "கழுதை மூத்திரம்."

"நீங்க குடிச்சிருக்கீங்களாக்கும்" என்றாள் ராஜகுமாரி. விமலுக்குப் புரையேறியது. சிரிப்பெல்லாம் அடங்கியபோது அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"அவகிட்ட என்ன அப்படிக் கத்துன?"

"ஒண்ணுமில்லம்மா. தப்பாப் பேசுனா. அதான்."

"கோத்தகிரி பஸ்ஸுல எவனாச்சும் உன் காலை மிதிச்சா நீதான் மன்னிச்சுக்கங்கன்னு சொல்லுவ. ரேசன் கடையில ஆறு பேரு முந்திப் போனாலும் புத்தகத்தப் பாத்துட்டு நிப்ப. இங்க இடுப்புல கைய வச்சுட்டு நிக்கிற!"

தான் இடுப்பில் கை வைத்தது சுமலதாவுக்கே தெரியாது.

"சிலோன்லருந்து எங்கள ஏத்தி அனுப்புனப்ப எனக்கு ஏழு வயசு" என்றாள் ராஜகுமாரி. "ஊரு புடிச்சிருக்கான்னு எங்கள யாரு கேட்டா? கோத்தகிரியில இறக்கி விட்டாங்க, இருந்தோம். அக்கம்பக்கத்து மலைக்காரங்க பேசற பாஷை தமிழே இல்ல, ஒண்ணும் புரியாது, நானும் வாயத் தொறக்கறதில்ல. அப்புறம் ஒரு நாளு குழாயடியில ஒரு புள்ள என் குடத்த நகத்தி வச்சுட்டா. அன்னிக்குக் கத்துனேன் பாரு, எனக்கே தெரியாது அவ பாஷை எனக்கு வரும்னு. ஊட்டுக்கு வந்து எங்கம்மாகிட்டச் சொன்னேன், இந்த ஊரு பரவால்லன்னு."

ராஜகுமாரி தன் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆறு, பாலம், கீலம்னு நீ காட்டுனதெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியல. அதெல்லாம் உன் புத்தகத்துல இருக்கறது. நீ அங்க சண்ட போட்டதத்தான் பாத்தேன். பாத்துட்டுச் சொல்றேன்னேன்ல? சொல்லிட்டேன். போயிட்டு வா."

செல்லதுரை உடனே தலையாட்டினார். சத்தமே இல்லாத பக்கம் அவர் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

சுமலதா அம்மாவைக் கட்டிப்பிடிக்கப் போனாள். "சூடு, சூடு, கோப்பை" என்று ராஜகுமாரி தள்ளிவிட்டாள். சுமலதா லேப்டாப்பைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் விலகி, ரொம்ப லேசாக, பாலத்தின் மேலடுக்கு விளக்குகள் தெரியத் தொடங்கியிருந்தன. அவள் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

"என்ன எழுதுற?"

"வர்றேன்னு எழுதறேம்மா."

"அடுத்த மழைக்கு முன்னாடி வர்றேன்னு எழுது. அந்தச் செடிய அப்பத்தான் கவாத்து பண்ணணும். அவ ஒருத்தியால ஆகாது, நீயும் கூடப் போயி நில்லு."

"அத யுனிவர்சிட்டிக்கு எழுத முடியாதும்மா."

"ஏன், அவங்களுக்குச் செடி கிடையாதா?" என்றாள் ராஜகுமாரி. கணவர் மிச்சம் வைத்த கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடியே குடிக்க ஆரம்பித்தாள்.